கண்ணாடிப் பெட்டிக்குள் நம் கடைப் பலகை

வியாழக்கிழமை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று கை தானாக எழுதப் போயிற்று. நிறுத்திக்கொண்டேன். நலமா இல்லையா என்பதைக் கடிதம் முடிவதற்குள் நீயே தெரிந்துகொள்வாய்.

பதினோரு வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசலாமே என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பது நான்தான். "நல்லா இருக்கீங்களா? அம்மாகிட்ட குடுங்க" என்பாய். குறை சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொல்கிறாய். ஆனால் நான் சொல்ல வேண்டியது அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நுழையாது. அதனால் உன் அக்காவிடம் முகவரி கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். நம்பவில்லை, இருந்தாலும் கொடுத்தாள்.

அக்கா நன்றாக இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு மட்டும் வழக்கம்போல வயிறு சரியில்லை. சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் முறையும் தட்டை நீட்டுகிறார். நம் கண்ணாடிக் கடை ஏதோ நடக்கிறது. இப்போதெல்லாம் என்னிடம் வந்து கண்ணைச் சோதித்துக்கொண்டு, நான் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய் வேறெங்கோ கண்ணாடி வாங்குகிறார்கள். போகட்டும், கண் தெரிந்தால் சரி.

இதை நம் வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. நீ கோல்கீப்பராக நின்று ஆடிய அந்தப் பெரிய நகரத்துக்கு வந்திருக்கிறோம். ஒரு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், ஒன்றோடொன்று பூட்டிப்போட்ட நாற்காலி வரிசையில் உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்து எழுதுகிறேன். அம்மாவை உள்ளே ஒரு சோதனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் ஆகுமாம்.

மாடி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். போனை நான் நீட்டியதும் அவள் உடனே வாங்குவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டு, பிறகுதான் உன்னிடம் பேச ஆரம்பிப்பாள். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். நம் ஊர் டாக்டர்தான் இங்கே அனுப்பினார். அம்மாவோ வீட்டுக் குழாய்க்கு வாஷர் போனது மாதிரி அதைப் பற்றிப் பேசுகிறாள். உனக்கு இதை எழுதவே கூடாது என்பது அவளுடைய உத்தரவு. "பயந்துகிட்டு வரக் கூடாது. வரணும்னு தோணி வரணும்" என்கிறாள். உத்தரவை மீறித்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு சோதனை முடிந்தது, இன்று இன்னொன்று. நடுவில் நேற்று சும்மா இருந்தோம். லாட்ஜ் அறையில் ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் சுவர். அம்மா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏங்க, அவன் ஆடுன மைதானம் இங்கதானே இருக்கு? போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள். வேண்டாம் என்பதற்கு எத்தனை காரணம் உண்டோ அத்தனையும் சொன்னேன். வெயில் என்றேன், கூட்டம் என்றேன், படி ஏற வேண்டியிருக்கும் என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகில் போய் நின்றாள்.

நாங்கள் அங்கே போனதே இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ இறுதி ஆட்டம் ஆடிய அன்று, சனிக்கிழமையில் கடையை மூட முடியாது என்று சொல்லி நான் டிவியில் பார்த்தேன். என்னால் அம்மாவும் டிவியில்தான் பார்த்தாள்.

ஆட்டம் இல்லாத நாட்களில் இப்போது அதை ஊர் சுற்ற வருகிறவர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். இருபது பேரைச் சேர்த்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். வாசலில் ஒரு பெண் மணிக்கட்டைச் சுற்றி மஞ்சள் காகிதப் பட்டை ஒட்டினாள். அம்மா கையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் போட்ட வெள்ளைப் பட்டை ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், உள்ளே நிறையப் படிகள் இருக்கின்றன, பரவாயில்லையா என்று கேட்டாள். அம்மா, "பரவால்லம்மா, என் பையன் இங்கதான்" என்று ஆரம்பித்தாள். நான் அவள் முழங்கையை அழுத்தினேன். அவள் பேச்சை விழுங்கிக்கொண்டாள். பார்த்தாயா, நேற்றுகூட நான் அப்படித்தான் இருந்தேன்.

எங்களைக் கூட்டிப்போனதும் ஒரு பெண்தான், அக்காவைவிடச் சின்னவள். கன்னத்தோடு ஒட்டிய மைக்கில் பேசிக்கொண்டே பின்பக்கமாக நடந்தாள். நல்ல பெண். அம்மா படியில் நிற்கும்போதெல்லாம் மொத்தக் கூட்டத்தையும் நிறுத்திக் காத்திருந்தாள். முதலில் நீங்கள் உடை மாற்றும் அறைக்குப் போனோம். சுவரோரமாக நீள பெஞ்சு, மேலே கொக்கிகள், கொக்கிக்கு ஒரு சட்டை. தரை கழுவும் மருந்தின் வாசனை, ஆஸ்பத்திரியில் இருப்பதே இங்கேயும். கோல்கீப்பர் எங்கே உட்காருவார் என்று அம்மா கேட்டாள். கதவுக்குப் பக்கத்து மூலை, அது எப்போதும் கோல்கீப்பருக்குத்தான் என்றாள் அந்தப் பெண். அம்மா போய் அங்கே உட்கார்ந்தாள். படம் எடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. தலையைத் தூக்கிக் கொக்கியைப் பார்த்தாள். "ரொம்ப உயரத்துல இருக்கு" என்றாள். பிறகு அவளே, "அவனுக்கு எட்டும்" என்றாள்.

அங்கிருந்து ஒரு குறுகலான நடைவழி. நீங்கள் வரிசையாக வெளியே வருவீர்களே, அது. வெளியே வந்ததும் எனக்குத் தலை சுற்றியது. டிவியில் அது ஒரு மேஜை அளவுதான் இருந்தது. நேரில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் நாற்காலி, வானம் வரைக்கும் நாற்காலி. அத்தனை நாற்காலியிலும் ஆள் இருக்கும்போது நீ நடுவில் நின்றாய் என்பது நேற்றுவரை எனக்கு உறைக்கவே இல்லை. புல்லை மிதிக்கக் கூடாதென்று கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றை ஒட்டியே கோல் கம்பம் வரை நடத்திப் போனார்கள்.

அங்கே அந்தப் பெண் நின்றாள். எல்லோரும் எதிர்பார்த்த இடம் இதுதான் என்றாள். கடைசி நிமிடம், நடு மைதானத்திலிருந்து யாரோ சும்மா தட்டிவிட்ட பந்து, அது பாட்டுக்கு உருண்டு வந்தது, கைக்கு வந்தது, கையை விட்டுக் காலுக்கு நடுவே போயிற்று, கோப்பையும் போயிற்று. இதை அவள் நன்றாகவே சொன்னாள். எத்தனையோ முறை சொல்லிச் சொல்லி எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். உனக்கு வைத்த பெயரையும் சொன்னாள். சல்லடை. எல்லோரும் சிரித்தார்கள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த ஆட்டம் நடந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள்.

பிறகு ஆளாளுக்குக் கயிற்றுக்கு இப்பால் நின்று, குனிந்து, காலை அகட்டி, கையை விரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அங்கே போகிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்வது வழக்கமாம். ஒரு குடும்பம் போனை என்னிடம் நீட்டி, "ஐயா, எங்க எல்லாரையும் சேத்து ஒண்ணு எடுங்க" என்றது. எடுத்தேன். ஒருவர் கண்ணை மூடிவிட்டார், அதனால் இன்னொன்றும் எடுத்துக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள்.

அங்கே நான் ஒன்று கவனித்தேன். மணி நாலரை. உன் ஆட்டம் முடிந்ததும் அதே நேரம்தான், மாதமும் இதே மாதம். மேற்கூரையின் நிழல் கோலுக்கு முன்னால் பத்தடியில் கத்தியால் வெட்டியதுபோல் விழுந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கண் கூசும் வெயில். இந்தப் பக்கம், நீ நின்ற இடம், மங்கல். வெயிலிலிருந்து நிழலுக்குள் வரும் பந்தைப் பிடிக்க வேண்டும் என்றால் கண் பழகுவதற்கு அவகாசம் வேண்டும். நாற்பது வருடமாகக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொந்த மகன் விஷயத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை. இதைக் கண்டுபிடித்ததும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அம்மாவிடம் சொல்ல வாய் திறப்பதற்குள் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

உள்ளே ஒரு பெரிய அறை. பழைய கோப்பைகள், பழைய பந்துகள், யாரோ போட்டிருந்த ஷூ, எல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில். கடைசிப் பெட்டிக்குள் நம் கடைப் பலகை இருந்தது.

தம்பி, அதை நான் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. யாரோ எழுதியதைப் படிப்பதுபோலப் படித்தேன். 'என் மகன் செய்த தவறுக்கு ஊரார் அனைவரும் மன்னிக்கவும்.' மேலே இரண்டு விளக்கு. கீழே ஒரு சீட்டில், 'ஒரு தந்தையின் பெருந்தன்மை' என்று அச்சடித்திருந்தது. அப்போதுதான் அது என் எழுத்து என்று தெரிந்தது.

நீ கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. என் பக்கத்திலிருந்து ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஆட்டத்துக்கு மறுநாள் காலை கடைக் கதவில் யாரோ சாயத்தை ஊற்றியிருந்தார்கள். துடைத்துக்கொண்டிருந்தபோது தெரிந்தவர் ஒருவர் வந்தார், படிக்கும் கண்ணாடி வாங்கிப் போக. "கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுலயே கண்ணு தெரியாத பையனா" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பயந்துபோய்த்தான் பலகை எழுதினேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். மீதி வெட்கம். உன்னை நினைத்து வெட்கப்பட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

எழுத்து மங்கிப்போன பழைய கண் சோதிக்கும் பலகை ஒன்று கடையில் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் கறுப்புச் சாயத்தால் எழுதி வாசலில் மாட்டினேன். "மாட்டாதீங்க. அவன் என்ன திருடிட்டானா?" என்று அம்மா கேட்டாள். உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்றேன். அது போதாதென்று தெருவில் பதினாறு கடையும் ஏறி இறங்கி, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். பத்திரிகைக்காரர் வந்தார். பலகைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார், நின்றேன்.

திங்கட்கிழமை நீ வந்தாய். நம் வீட்டு மாடிப்படி ஏற வேண்டுமானால் கடை வாசலைத் தாண்டித்தான் ஏற வேண்டும். நான் உள்ளே ஒருவருக்குக் கண்ணாடி பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தோளில் பையோடு நின்று அதைப் படித்ததைக் கதவு வழியாகப் பார்த்தேன். வெளியே வரவில்லை. வாடிக்கையாளர் இருக்கிறார் என்று இருந்துவிட்டேன். இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாய். புதன்கிழமை காலையில், "அப்பா, அதை எப்ப கழட்டுவீங்க?" என்று கேட்டாய். ஊர் கொஞ்சம் அடங்கட்டும் என்றேன். சரி என்பதுபோலத் தலையாட்டினாய். அன்று மத்தியானமே போய்விட்டாய், அதன்பின் வீட்டுக்கு வரவே இல்லை. நீ போன பிறகும் பலகை மூன்று வாரம் தொங்கியது.

கடைக்குச் சுண்ணாம்பு அடித்தபோது பழைய சாமானோடு சாமானாக அதையும் தூக்கிப் போட்டேன். யார் கையில் கிடைத்ததோ, எப்படி அங்கே போய்ச் சேர்ந்ததோ தெரியாது. இப்போது வருகிறவர்கள் எல்லோரும் நின்று படிக்கிறார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படி ஒரு அப்பா கிடைக்கணுமே" என்றார் ஒருவர். சல்லடையைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள்தான் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு இருக்கிறதே, அதைவிட நாலு பேர் நடுவில் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

கூட்டம் நினைவுப் பொருள் விற்கும் கடைக்கு நகர்ந்தது. அம்மா நகரவில்லை. "அதை வாங்கிட்டு வாங்க" என்றாள். எதை என்றேன், தெரியாதவன்போல. "நீங்க எழுதுனதை. அது இங்க தொங்குற வரைக்கும் அவன் எந்த முகத்தோட வருவான்?" என்றாள். பலகையை மாட்டிய நாளுக்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசிய முதல் பேச்சு இது. பதினோரு வருடமாக அவள் அதை மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

விசாரித்து, அந்த அறைக்குப் பொறுப்பான அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். அவர் கண்ணாடி ஒரு பக்கம் ஏறியிருந்தது. பலகை எழுதிய அப்பா நான்தான் என்று சொல்லி அடையாள அட்டையைக் காட்டியதும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அது?" என்றார். தண்ணீர் வரவழைத்தார். பலகை திரும்ப வேண்டும் என்றதும் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் மறுக்கவில்லை. சொந்தக்காரர் கேட்டால் கொடுப்பதற்கு வழி உண்டாம். நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார். "தப்பா நினைக்காதீங்க ஐயா. இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்து, நான்தான் அந்த அப்பான்னு சொல்லியிருக்காங்க" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நானாக இருக்கவும் ஆட்கள் போட்டி போடுகிறார்கள்.

பலகையின் மறுபக்கத்தில் கண் சோதிக்கும் எழுத்துகள் இருக்கும், திருப்பிப் பாருங்கள் என்றேன். பின்னால் துணி வைத்து ஒட்டிவிட்டார்களாம், பிரித்தால் மரம் பிளந்துவிடுமாம். "அதை விட சுலபமா ஒண்ணு இருக்கு. அதே வரியை இந்தத் தாள்ல எழுதிக் குடுங்க. எழுத்து ஒத்துப்போச்சுன்னா நானே மேலிடத்துக்கு அனுப்பிடறேன். பெரும்பாலும் குடுத்துடுவாங்க" என்றார். ஒரு வெள்ளைத் தாளும் தடித்த பேனாவும் என் முன்னால் வைத்தார்.

எழுத ஆரம்பித்தேன். 'என் மகன்' என்று எழுதினேன். எழுத்து அச்சாக அப்படியே இருந்தது, அவர்கூட எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்து எழுத வேண்டியது 'செய்த'. அதற்கடுத்தது 'தவறுக்கு'. பேனாவைத் தாளில் வைத்தபடி இருந்தேன், மை பரவி ஒரு பொட்டு ஆகிவிட்டது. "அவசரமில்லைங்க, மெதுவா எழுதுங்க" என்றார் அந்த மனிதர். என் கண்ணுக்குத் தாள் தெரியவில்லை. எழுதினால் பலகை கிடைக்கும். ஆனால் எழுதினால், அதே வரியை இரண்டாம் முறையும் எழுதினவன் ஆவேன். முதல் முறைக்காவது அறிவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

மூடியைப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். என்னால் முடியாதுங்க என்றேன். அப்போ பலகை என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கை சும்மா இருக்கவில்லை, அவர் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, காதுப் பக்கக் கம்பியை வளைத்துச் சரிசெய்து மாட்டிவிட்டு வந்தேன்.

அம்மா வெளியே பெஞ்சில் இருந்தாள். என் கையைத்தான் முதலில் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "எழுதாம வந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். சரி என்று எழுந்து, படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அவளைத் தேற்றலாம் என்று அந்த நிழல் விஷயத்தைச் சொன்னேன். மேஜையில் கோடு போட்டுக் காட்டினேன். அவன் மேல் தப்பே இல்லை, நிழல்தான், எந்தக் கண்ணாலும் அந்தப் பந்தைப் பார்த்திருக்க முடியாது என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ, நிழல் இல்லாம இருந்திருந்தா நீங்க பலகை மாட்டுனது சரிதானா?" என்று கேட்டாள். மேஜையில் போட்ட கோட்டைக் கையால் துடைத்தேன். டீயைக் குடிக்க முடியவில்லை.

உள்ளே பெயர் கூப்பிடுகிறார்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை

தம்பி, நேற்றுச் சோதனை முடிந்ததும் அம்மாவை ஆஸ்பத்திரியிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். காலையில் பெரிய டாக்டர் வந்து பார்த்தார். ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும், ஒத்திப்போட வேண்டாம் என்கிறார். வருகிற மாதம் ஒன்பதாம் தேதி காலை. பயப்பட ஒன்றுமில்லை என்று மூன்று தடவை சொன்னார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அம்மா அவரிடம், எத்தனை நாளில் மாடி ஏறலாம் என்று மட்டும் கேட்டாள்.

இதைச் சொல்லி உன்னை இழுப்பதாக நினைக்காதே. அம்மா கேட்டால் என்னைக் கொன்றுவிடுவாள். ஆனால் அவளுக்கு இப்படி என்பதை உனக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு, நான் கேட்க வேண்டியதை மட்டும் உன்னிடம் கேட்டால் அது இன்னொரு தப்பு. அந்தக் கணக்கில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

கேட்க வேண்டியது இதுதான். பதினாறு கடைக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். சாயம் ஊற்றியவன் யாரென்று தெரியாமலே அவனிடமும் கேட்டேன். மாடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த உன்னிடம் கேட்கவில்லை. பன்னிரண்டு படி ஏறினால் போதும், ஏறவில்லை. பந்து கையை விட்டுப் போவது ஆட்டத்தில் நடக்கும். அன்று வெயிலோ, நிழலோ, நீயே கவனம் தப்பினாயோ, அது உன்னோடும் ஆட்டத்தோடும் போக வேண்டியது. அதற்காக ஊரிடம் கைகூப்ப நான் யார்? ஊரெல்லாம் உன்னைப் பார்த்துச் சிரித்த நாளில் உன் பக்கம் வந்து நிற்க வேண்டியவன் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். அப்பா பெரிய தப்புச் செய்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு. முடியாது என்றால், முடியாது என்று ஒரு வரி எழுதிப் போடு. அதையும் நான் வைத்துக்கொள்வேன்.

பலகை அங்கேயே இருக்கிறது. நாளைக்கும் ஆட்கள் வந்து படிப்பார்கள், என்னைப் பெருந்தன்மைக்காரன் என்பார்கள். அதை என்னால் நிறுத்த முடியவில்லை. அந்த அறைக்குள் வராத ஒருவனுக்காவது உண்மை தெரிந்திருக்கட்டும் என்றுதான் இவ்வளவு நீளம் எழுதினேன்.

இன்று மத்தியானம் ஆபரேஷனுக்கான படிவத்தை எடுத்துக்கொண்டு நர்ஸ் வந்தார். நெருங்கிய உறவினர் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். முதல் கோட்டில் நான் போட்டேன். இன்னொருத்தர் யாருங்க என்று கேட்டார். அக்கா பெயரைச் சொல்லியிருக்கலாம், அவள் கூப்பிட்டால் ஓடி வருவாள். "பையன்" என்றேன். எங்கே இருக்கிறார் என்றார். வருவார் என்றேன். அம்மா கட்டிலில் இருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் சொன்னதை அவள் மறுக்கவில்லை.

எட்டாம் தேதி மாலை ஐந்து மணி வரை அந்த இரண்டாவது கோட்டைக் காலியாக வைத்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

குளிர் கிடங்கில் வேலை என்று அம்மா சொன்னாள். கையுறை போடாமல் எதையும் தொடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து இருக்க வேண்டும்.

உன் அப்பா